ஆறாம் கட்டிலின் பாஷை

கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் வெளிநாட்டுக்கு ஊழியப் பயணம் போகிறது என்றதும் முதலில் பெயர் கொடுத்தவள் ரேடியோ. வாய் ஓயாதவள் என்பதால் விடுதியில் வைத்த பெயர் அது. ஐக்கியத்தை நடத்திவந்த அண்ணன்கூட ஜெபக்கூட்டத்தில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். போகிற நாட்டுப் பாஷையில் மூன்று பாட்டுகளை அர்த்தம் தெரியாமலேயே எல்லோரும் உருப்போட்டார்கள். அங்குள்ள மாணவர்களோடு மாலையில் பாட்டும் நாடகமும். பகலில், யாரும் தேடி வராத நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் வேலை. இதுதான் திட்டம்.

இல்லம் என்றால் ஒரு நீளக் கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், ரப்பர் விரிப்பு, கழுவக் கழுவப் போகாத மூத்திர வாடை. ஜன்னல்கள் உயரத்தில் இருந்ததால் படுத்திருப்பவர்களுக்கு வானம் மட்டும் கொஞ்சம் தெரியும். பையன்கள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பெண்கள் சாப்பாடு ஊட்டினார்கள்.

ஆறாம் கட்டிலில் இருந்தவளைப் பற்றித் தலைமை நர்ஸ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, மூளையும் கலங்கிவிட்டது, வாயில் வருவதெல்லாம் வெறும் உளறல், பயப்பட வேண்டாம். ரேடியோ தலையாட்டிவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் கரண்டி உதட்டில் பட்டதும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சுடுது. ஊதிக் குடு."

குழறலாகத்தான் வந்தது. ஆனால் ரேடியோவின் காதுக்கு அது தப்பவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் குனிந்தாள்.

"அம்மா... நீங்க தமிழா?"

அந்தப் பெண் அவளை வெறித்துப் பார்த்தாள். கண்ணீர் பிறகுதான் வந்தது. முதலில் அவள் கேட்டது, "நீ நெசமாவே பேசுறியா?" என்று.

அன்று பகல் முழுக்க ரேடியோ அந்தக் கட்டிலின் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வீட்டு வேலைக்கு வந்தவள். அந்த நாட்டுப் பாஷையை நன்றாகவே பேசிக்கொண்டிருந்தவள்தான். ஒருநாள் துணி மடிக்கும்போது சுருண்டு விழுந்தாள். கண் விழித்தபோது, இங்கே வந்து படித்த பாஷை போய்விட்டது, பிறந்த பாஷை மட்டும் மிச்சம். வேலைக்கு வைத்திருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டையே காலி செய்து போய்விட்டார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம். ஆஸ்பத்திரி அவளை இங்கே தள்ளிவிட்டது. அன்றிலிருந்து இத்தனை வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசிப் பார்த்திருக்கிறாள். எல்லோரும் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"எம் பொண்ணு நாலாப்பு படிக்குது," என்றாள். பிறகு தானே யோசித்து, "இப்ப பெருசாயிருக்கும்ல?" என்று கேட்டாள்.

விஷயம் கேட்ட நர்ஸ் வந்து ஆறாம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். எத்தனையோ தடவை அந்தப் பெண் கத்தும்போது ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறாள். அன்று மாலை ஜெபத்தில் எல்லோரும் அழுதார்கள். நம்மை ஆண்டவர் எதற்காக இங்கே கொண்டுவந்தார் என்று இப்போது புரிகிறது என்றார் அண்ணன். ரேடியோவும் அதை முழுசாக நம்பினாள்.

ஆறாம் கட்டில்காரி தன் ஊரையும் தெருவையும் சொன்னாள். புருஷனின் தம்பி பள்ளிக்கூடத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்ததைச் சொன்னாள். ரேடியோவின் தாய்மாமன் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் விசாரித்து, அந்தப் பெண்ணுடைய மகளின் நம்பரை வாங்கி அனுப்பினார்.

ரேடியோ முற்றத்தில் நின்றுகொண்டு மகளிடம் பேசினாள். அம்மா செத்துவிட்டாள், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்று வேலைக்குக் கூட்டிப்போன ஏஜென்ட் சொல்லியிருக்கிறான். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். இத்தனையும் சொல்லிவிட்டு மகள் விம்மத் தொடங்கினாள்.

"என்னை வளர்த்து ஆளாக்குனது சித்திதான். என் பிரசவம் பார்த்தது அவங்கதான். இப்ப அம்மா இருக்காங்கன்னு சொன்னா, சித்தி யாரு? அவங்க எங்க போவாங்க?"

கடைசியில் மகள் தானாகவே, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா முகத்தை ஒருதடவை பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஞாயிறு காலை நர்ஸ் ஆறாம் கட்டில்காரியைக் குளிப்பாட்டி, துவைத்த சட்டை போட்டு, தலை வாரிவிட்டாள். விழுந்த கையைப் போர்வைக்குள் மறைத்து வைக்கச் சொன்னாள் அவள், பிள்ளை பயந்துவிடுமாம். தலையணையை நிமிர்த்தி, போனைப் பால் டப்பாவில் சாய்த்து வைத்தார்கள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ரேடியோ வெளியே வந்து முயன்றபோது ஓர் ஆண் குரல் எடுத்தது. மகளின் அப்பா. அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூட ரேடியோ தாங்கியிருப்பாள்.

"நீ நல்ல பொண்ணும்மா," என்றார் அவர். "நாங்க ஒருதடவை அழுது முடிச்சிட்டோம். மறுபடி முதல்லேருந்து அழ எங்களால முடியாது. என் பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல. விட்டுரும்மா."

அதற்குப் பிறகு அந்த நம்பர் போகவே இல்லை. அண்ணன் இல்லத்து நிர்வாகியிடம் பேசிப் பார்த்தார். கையில் ஒரு காகிதமும் இல்லை. சொந்தக்காரர் யாராவது எங்கள் ஆள் என்று எழுதிக் கொடுக்காமல் தூதரகமும் ஏற்காது, அனுப்ப வழியே இல்லை என்று நிர்வாகி கையை விரித்தார்.

ரேடியோ உள்ளே வந்து, லைன் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னாள். ஆறாம் கட்டில்காரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பரவால்ல. அவளுக்கு வேல இருக்கும்," என்றாள். பிறகு, "நீ எப்ப கிளம்புற?" என்றாள்.

கிளம்புகிற நாளில் எல்லோரும் வரிசையாக நின்று உருப்போட்ட பாட்டைப் பாடினார்கள். படுத்திருந்த சிலர் உதடசைத்தார்கள். ஆறாம் கட்டில்காரி ரேடியோவின் துப்பட்டாவை இடது கையால் பிடித்திருந்தாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டது நர்ஸ்தான்.

ஊர் திரும்பியதும், பயணத்தில் ஆண்டவர் செய்ததை எல்லோருக்கும் சொல்ல, கல்லூரி சிற்றாலயத்தில் சாட்சிக் கூட்டம். யாருக்கும் புரியாத ஒரு தாயின் வாய்மொழியை ஆண்டவர் நம் பிள்ளையைக் கொண்டு புரியவைத்தார் என்று அண்ணன் சொன்னார்; கூட்டம் அல்லேலூயா என்றது. கதையை அவர் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார். ரேடியோவைப் பேசக் கூப்பிட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள்.

சில வாரம் கழித்து நர்ஸ் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். இவள் ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், அர்த்தம் என்ன என்று கேட்டிருந்தாள். ரேடியோ காதில் வைத்துக் கேட்டாள்.

"யாராச்சும் பேசுங்களேன். யாராச்சும் பேசுங்களேன்."

அன்றே அவள் நீளமாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். மழை, விடுதிச் சாப்பாடு, பரீட்சை, வாய்க்கு வந்ததெல்லாம். மறுநாளும் அனுப்பினாள். அதற்கடுத்த நாளும்.

நர்ஸின் பதில் தயங்கித் தயங்கி எழுதியது போலிருந்தது. குரல் கேட்டதும் அவள் எழப் பார்க்கிறாள், உன்னைத் தேடுகிறாள். நேற்று கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள், நெற்றியில் தையல் போட்டோம். போனைக் காட்டிச் சொன்னாலும் புரியவில்லை, நீ கதவுக்கு வெளியே நிற்பதாக நினைக்கிறாள். தயவுசெய்து இனி அனுப்பாதே.

ரேடியோ விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அதை மூன்று நான்கு முறை படித்தாள். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். என்ன கேட்பது என்று தெரியாமல் திறந்துவிட்டாள். பிறகு அவள் அனுப்பவில்லை. நர்ஸும் எழுதவில்லை.