யமலிங்கம் டேப்பு

எங்கள் கடலைக் கிடங்குக்கு 1988இல் கம்ப்யூட்டர் வந்தது. எந்த விவசாயி எத்தனை மூட்டை போட்டு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். என்றைக்காவது அழிந்துபோனால் மீட்பதற்காக, தினமும் சாயங்காலம் ஒரு டேப்பில் நகல் எடுக்க வேண்டும். டேப்புகளுக்கு நான் பொறுப்பு. வந்ததில் சுருக்கமில்லாத எட்டை நானே பொறுக்கி லேபிள் ஒட்டினேன். ஒன்று, இரண்டு என்று போட மனசு வரவில்லை. இந்திரலிங்கம், அக்னிலிங்கம், யமலிங்கம், நிருதிலிங்கம் என்று கிரிவலத்தில் வரும் எட்டு லிங்கங்களின் வரிசையிலேயே எழுதினேன். எட்டும் முடிந்தால் மறுபடி இந்திரலிங்கம். பழையது அழிந்து புதியது பதியும். நம்மூர்க்காரனுக்கு இந்த வரிசை தூக்கத்திலும் தப்பாது என்று எனக்கு ஏகப் பெருமை.

நான் அடி அண்ணாமலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவதால், டேப்பை ஏற்றுவது கிடங்குப் பையன் மூர்த்தியின் வேலை. கல்யாணம் நிச்சயமானவன், கால் தரையில் படாமல் திரிந்துகொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில் மேனேஜர் சக்கரபாணி தன் மாமனாரைக் கூட்டிவந்து கம்ப்யூட்டரைக் காட்டினார். மாமனார் முன்னால் மிடுக்காக அவர் நாலு பட்டனைத் தட்டியதில், கீழ்பென்னாத்தூர் விவசாயிகள் மொத்தமாகக் காணாமல் போனார்கள். அன்று யாரும் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, மறுநாள் அவர்கள் மூட்டை எடுக்க வருகிறார்கள் என்று தேடியபோதுதான் தெரிந்தது.

"அழிஞ்சா எடுத்துக் குடுக்கத்தானே உன்னை வச்சிருக்கோம், ஆதிலட்சுமி? காலையில இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார், அழித்த மகராசன்.

இந்த வேலை மட்டும் போனால், வீட்டில் அடுத்த வாரமே யாரையாவது பார்த்துத் தாலி கட்ட வைத்துவிடுவார்கள். இரண்டு வாரத்தில் எட்டு டேப்பும் ஒரு சுற்று வந்து, ஓட்டை விழுந்த கணக்கே எல்லாவற்றிலும் பதிந்திருக்கும். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மூர்த்தி மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லித் தொலை."

"நிச்சயம் ஆனதுலேருந்து நான் யமலிங்கத்தைத் தொடவே இல்லக்கா. கல்யாணத்தை வச்சிக்கினு யமனை எப்படி கையில தூக்கறது? அக்னி முடிஞ்சா நேரா நிருதிதான்."

வேறு நாளாக இருந்தால் அவனை உப்புக்கண்டம் போட்டிருப்பேன். "எங்கே அது?" என்று கத்தினேன். அலமாரியின் அடித்தட்டைக் காட்டினான், அப்போதும் தொடவில்லை. நானே எடுத்து ஏற்றினேன்.

ஆதிமூலம், சந்திரம்மாள், வேடியப்பன் என்று கீழ்பென்னாத்தூரே திரையில் வரிசையாக வந்து நின்றது. அவர்கள் மூட்டையெல்லாம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே வந்து முடிந்திருந்ததால், ஒன்றும் விட்டுப்போகவில்லை. நான் அழுதுகொண்டே சிரித்தேன். மேனேஜர் தானே காப்பாற்றியது மாதிரி எல்லாருக்கும் டீ சொன்னார்.

மறுவாரம் மூர்த்தி கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்தாகிவிட்டதாம். அடுத்தது எனக்குத்தான் என்று நான் கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டி அலமாரிக்குப் போனான். யமலிங்கத்தைத் தன் கையாலேயே எடுத்து, மஞ்சள் தடவிய பத்திரிகையை அதன்மேல் வைத்துக் கும்பிட்டான்.

"கல்யாணத்துக்கு மட்டும் வந்துடாத சாமி. இங்கருந்தே ஆசீர்வாதம் பண்ணு" என்றான்.