வலப்பக்கம் வரவேண்டிய மேடு

மார்லிஸ் மூன்றாவது தடவையாகக் கதவைத் தட்டினாள். புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஆள் உள்ளேதான் இருக்கிறார்.

“ஓரின், நீங்க உள்ள இருக்கறது தெரியும். அடுத்த வாரம் வான்னு இன்னிக்குச் சொல்ல முடியாது. ரெண்டு மணிக்கு அப்பாவை அடக்கம் பண்றோம்.”

தாழ்ப்பாள் விலகியது. துப்பாக்கி செய்கிற ஓரின் புரூவிட் கறுப்புக் கால்சட்டையும் பனியனுமாக நின்றார். முகத்தில் ஒரு பக்கம் மழித்திருந்தது. மறுபக்கம் சோப்பு நுரை.

“ஷேவ் பண்ணிட்டிருந்தேன்மா.”

“பாதியில நிறுத்தறது உங்களுக்கு என்ன புதுசா?”

அவர் வழிவிட்டார்.

பதினேழு மாதங்கள். மார்லிஸின் அப்பா வெர்லின், எட்டு வருடம் பரணில் உலர்த்தி வைத்த வால்நட் கட்டையையும் தன் பழைய துப்பாக்கியையும் இந்த மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். பழையதின் இரும்பைக் கழற்றிப் புதுக் கட்டையில் பொருத்த வேண்டும். அவர் நொட்டாங்கைக்காரர், இடது தோளில் வைத்துச் சுடுபவர். கடையில் விற்பது எதுவும் அவர் தோளுக்குச் சரிவராது. நாலு மாதத்தில் முடித்துவிடுகிறேன் என்றார் ஓரின். இரண்டு எல்க் மான் பருவங்கள் போயின. பக்கத்து வீட்டு லாரிகள் விடியலில் மலையேறுவதை வெர்லின் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். வீட்டில் வேறு துப்பாக்கி கிடையாது.

மார்லிஸ் எல்லாவற்றையும் நோட்டில் குறித்திருந்தாள். முப்பத்தொரு போன் அழைப்புகள், தேதியோடு, சாக்கோடு. எண்ணெய் காயவில்லை. விரலில் வெட்டு. திருகாணி வந்து சேரவில்லை. மைத்துனிக்கு ஆபரேஷன். சில சமயம் தான் மிகைப்படுத்துகிறோமோ என்று தோன்றும். நோட்டைத் திருப்பிப் பார்ப்பாள். இல்லை என்று தெரியும். போன மாதம் ஓரின்மேல் கவுண்டி கோர்ட்டில் மனுவும் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை விசாரணை.

அந்தப் பள்ளத்தாக்கில் வேட்டைக்காரர் யார் இறந்தாலும், சுட முடியாதபடி, குண்டேற்றுகிற போல்ட்டைக் கழற்றிவிட்டு அவருடைய துப்பாக்கியைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கூட வேட்டைக்குப் போனவர்கள் வரிசையில் வந்து கட்டையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். வெர்லின் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சும் அதைப் பற்றித்தான். “அந்த முட்டாள்கிட்டேருந்து என் துப்பாக்கிய வாங்கிட்டு வந்துடு.”

“எங்க அது?”

ஓரின் துவாலையால் நுரையைத் துடைத்துக்கொண்டே மேஜைமேல் கிடந்த போர்வையை விலக்கினார்.

துப்பாக்கி முழுதாக இருந்தது. கட்டையில் புகைபோல வரிகள் ஓடின. மார்லிஸ் கோபத்தை மறந்து அதை எடுத்தாள். போல்ட்டின் கைப்பிடி இடப்பக்கம், அப்பாவுக்கு வேண்டியபடியே. பிறகு, குறிபார்க்கும்போது கன்னத்தைப் பதிக்கிற மேட்டைப் பார்த்தாள். அதுவும் இடப்பக்கம் இருந்தது.

அவள் வேட்டைக்குப் போனவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்தவள். இடது தோளில் துப்பாக்கியை ஏற்றுகிறவனுக்கு அந்த மேடு வலப்பக்கம் வரவேண்டும்.

“ஓரின். இது என்ன?”

“எதிர்ல நின்னு அளவெடுத்தேன். அவன் கன்னம் வெச்ச பக்கம் எனக்கு இடது. இடதுன்னு எழுதிக்கிட்டேன். செதுக்கும்போது துப்பாக்கிக்கு இடதுன்னு நெனச்சிட்டேன். நாப்பது வருஷமா அந்தப் பக்கந்தானே செதுக்கறேன், கை தானாப் போயிடுச்சு.”

“எப்போ?”

“போன மார்ச்.”

மார்லிஸ் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள். “இது நவம்பர். எட்டு மாசமா எண்ணெய் காயலன்னு சொன்னீங்க. சாகப்போற மனுஷன ஒவ்வொரு வியாழக்கிழமையும், வேலை முடிஞ்சுதான்னு பாக்க, நான் வண்டியில ஏத்திக்கிட்டு வந்து இங்க விட்டேன். ஒரு தடவையாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?”

“அவன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்மா.”

“யார்கிட்ட?”

“வெர்லின்கிட்ட. அரை மணி நேரம் திட்டினான். எங்கப்பன், பாட்டன் ஒருத்தரையும் விடல. அப்புறம் காப்பி கேட்டான். உன்கிட்ட சொல்லாதன்னான்.”

“ஏன்?”

“நீ வந்து கத்துவியாம். துப்பாக்கியத் தூக்கிட்டுப் போயிடுவியாம். அப்புறம் வியாழக்கிழமை நான் எங்க போறதுன்னு கேட்டான்.”

அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அப்பாவின் முதுகுக்கு வைக்கிற தலையணை. ஜன்னல் விளிம்பில் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு காதுக் கம்பியில் பச்சை நூல் சுற்றியது. போட்டோவில் இருப்பதுபோல முகம் இருக்கட்டும், அவர் கண்ணாடியைக் கொடுங்கள் என்று அடக்க நிலையத்துக்காரர் கேட்டு, இரண்டு நாளாக வீடு முழுக்கப் புரட்டிப் போட்டிருந்தாள்.

“இங்க வந்து என்ன பண்ணிட்டிருந்தார்?”

“உட்கார்ந்து அந்த மேட்டை உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டிருந்தான். தப்பான பக்கத்துல இருந்தாலும் வழவழன்னு இருக்கட்டும்னான். மீதியெல்லாம் என் வேலை. அது மட்டும் அவன் வேலை.”

மார்லிஸ் தொட்டுப் பார்க்கவில்லை. வீடு திரும்புகிற வழியெல்லாம் அப்பா ஓரினைத் திட்டிக்கொண்டு வருவார். ஈரல் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மருந்தைப் பற்றி இல்லை, தூக்கத்தைப் பற்றி இல்லை. இந்த ஆளைப் பற்றி மட்டும் பதினோரு மைல் தூரமும் பேசுவார். அவளும் சேர்ந்துகொண்டு திட்டுவாள்.

“திங்கக்கிழமை கோர்ட்டு இருக்கு,” என்றாள்.

“தெரியும். உன் மேல தப்பில்ல. எனக்கு சாட்சியா வரேன்னு சொல்லியிருந்தான் வெர்லின். இப்ப பாரு, அதுக்கும் வராமப் போயிட்டான்.”

“சிரிக்காதீங்க.”

“சிரிக்கலம்மா.”

போல்ட்டைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கண்ணாடியையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, “அந்தப் பாதி முகத்தோட வந்துடாதீங்க,” என்றாள்.

தேவாலயத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் துப்பாக்கியை அவளே வைத்தாள். அப்பாவோடு மலையேறிய ஆட்கள் முன் வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அடுத்த வருடம் ஓரினிடம் வேலை கொடுக்கமாட்டார், அந்த மேட்டைப் பார்த்தால். மார்லிஸ் திரும்பி அவர்களைப் பார்த்தாள். பிறகு இடப்பக்கம் அடியில் போகும்படி துப்பாக்கியைப் புரட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று தனக்கே எரிச்சலாக இருந்தது.

பிரார்த்தனை முடிந்து ஆட்கள் எழுந்தார்கள். முதலில் வந்தவர் ஓரின். முழுதாக மழித்திருந்தார், தாடையில் ஒரு வெட்டுக்காயம், அதன்மேல் காகிதத் துணுக்கு. சவப்பெட்டிக்குள் ஒருமுறை பார்த்தார். மேஜைமேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார். பின்னால் திரும்பி மார்லிஸைப் பார்த்தார்.

பிறகு இரண்டு கைகளாலும் துப்பாக்கியைத் தூக்கி, மேடு மேலே வரும்படி புரட்டி வைத்தார். அதைத் தொட்டுவிட்டு ஒதுங்கி, சுவரோரமாக நின்றுகொண்டார்.

அடுத்து வந்த உயரமான ஆள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஓரினைப் பார்த்தார். அந்த மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. பின்னால் வரிசை காத்து நின்றது.

மார்லிஸ் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். போல்ட் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.