தட்டி அழித்தது

ஜெரூஷா "நீ" என்று தட்டினாள். இரண்டு நொடி நிறுத்தினாள். அதை அழித்துவிட்டு "நீங்க" என்று ஆரம்பித்தாள். "நீங்க பாத்தீங்களா, ஏழாம் பாடம் இன்னும் எனக்கு வரல." செய்தி வைத்தீஸ்வரனுக்குப் போனது.

அசரியா இதைப் பொத்தேரியிலிருந்து பார்த்தான். அங்கே ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பராமரிப்பது அவன் வேலை. அவன் மனைவி ஜெரூஷா இரும்புலியூரில் வீட்டில் இருந்தாள். பாடநூல் போடும் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே ப்ரூஃப் பார்த்தாள். வைத்தீஸ்வரன் அதே பதிப்பகத்தின் சேலையூர் அலுவலகத்தில் பக்க வடிவமைப்பு செய்பவன்.

வீட்டு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டது அசரியாதான். இரண்டு வருடம் முன்பு பிரிண்டர் தகராறு செய்தது. வேலையில் இருந்தபடியே சரிசெய்ய வசதியாக, அவள் திரையை இங்கிருந்து பார்க்கும் நிரல் ஒன்றை வீட்டில் நிறுவினான். அவளிடம் சொல்லித்தான் நிறுவினான். பிரிண்டர் அன்றைக்கே சரியானது. நிரலை அவன் எடுக்கவில்லை. அவள் மறந்துவிட்டாள்.

கல்யாணமாகி எட்டு வருடம். அவளுக்கு அவன் எப்போதும் நீங்கதான். முதல் வருடத்தில் ஒருமுறை, நீ என்றே கூப்பிடேன் என்று கேட்டான். "வாயில வராதுங்க" என்று சிரித்தாள்.

இப்போது விரலில் வந்திருக்கிறது.

அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தான். ஒரே பதிப்பகத்தில் வேலை, ஏறக்குறைய ஒரே வயது. நீ என்றால் நீ. ஆனால் அவள் அழித்தாள். தன்னையறியாமல் வந்ததை, தெரிந்து அழித்தாள்.

ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் மோகன்ராஜ் பின்னால் வந்து நின்றான்.

"என்ன மச்சான், காலைலயே சீரியலா?"

"வீட்ல பிரிண்டர்."

"ரெண்டு வருஷமா அதே பிரிண்டரா? தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கேன்டா."

அசரியா சாளரத்தைச் சுருக்கினான். மோகன்ராஜ் போனதும் விரித்தான்.

அந்த வாரம் பதிப்பகம் அவளுக்கு ஒரு பெரிய மானிட்டர் அனுப்பியது. அதை லேப்டாப்புக்கு வலப்பக்கம் வைத்தாள். லேப்டாப்பில் எழுத்து அளவாக இருந்தால் மானிட்டரில் மங்கியது. ன எது, ண எது என்று சுழி எண்ண முடியவில்லை.

"ஏங்க, இதுக்கு வேலண்டுக்கு மாறணுமாம். நாம இன்னும் எக்ஸ்லயே இருக்கோமாம். வைத்தி சொன்னாரு."

வைத்தி. பெயர் எப்போது சுருங்கியது என்று யோசித்தான். "சொன்னாரு" என்பதைத் தன் காதுக்காகச் சேர்த்திருக்கிறாள் என்றும் நினைத்தான்.

எக்ஸ் என்பது திரையில் எது எங்கே தெரிய வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. நாற்பது வருடம் ஆகப்போகிறது. அதில் ஓடும் எந்த நிரலும் முழுத் திரையையும் பார்க்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேலண்ட் புதியது. அதில் ஒரு நிரலுக்கு அதனுடைய சாளரம் மட்டும்தான் தெரியும். மற்றதைப் பார்க்க வேண்டுமானால், கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். எழுத்து மங்காது என்பதும் உண்மை. ஆய்வகத்தில் அறுபது கணினிகளை அசரியாவே வேலண்டுக்கு மாற்றியிருந்தான்.

"அதுல தமிழ் கீபோர்டு தகராறு பண்ணும்" என்றான்.

"அவருக்குப் பண்ணலையே."

"அவன் என்ன கீபோர்டு?"

"தமிழ்99. என்னோடதேதான்."

"கொஞ்ச நாள் போகட்டும்."

"அதுவரைக்கும் இது மேல துணி காயப்போடவா?" என்று கேட்டுவிட்டு மானிட்டரை அணைத்தாள்.

அவன் தினமும் பார்த்தான். அவள் வைத்தீஸ்வரனுக்கு அனுப்பியதில் பெரும்பாலும் ஒற்று மிகுமா மிகாதா என்பதுதான் இருந்தது. ஒரு வியாழக்கிழமை சிரிக்கும் முகம் ஒன்று போனது. எதற்கு என்று மேலே தள்ளிப் பார்க்க நினைத்தான். தள்ளினால் அவள் திரையிலும் நகரும். கையை எடுத்துக்கொண்டான். "நீ" மறுபடி வரவில்லை. வராததும் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. விரலைப் பழக்கிவிட்டாள் என்று நினைத்தான்.

மூன்று வாரம் இப்படிப் போனது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து அவள் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். அவன் வெங்காயம் நறுக்கினான். அவள் போன் அடித்தது.

"சொல்லுங்க வைத்தி. இல்ல, சமைச்சிக்கிட்டிருக்கேன். நாளைக்குத் தரேன். சரிங்க." வைத்துவிட்டாள்.

"எனக்காக சரிங்க போட வேணாம்" என்றான் அசரியா. "நீ வா போன்னே பேசு. எனக்கு ஒண்ணுமில்ல."

"யாரை நீ வா போன்னு பேசினேன்?"

"ஏழாம் பாடம் வரலன்னு கேட்டியே."

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். போனில் தேடி எடுத்தாள். அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "படிங்க. நீங்கன்னுதான இருக்கு?"

"முதல்ல நீன்னு அடிச்ச."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அனுப்பாத சொல் அந்தப் போனில் இருக்காது. வைத்தீஸ்வரனிடமும் இருக்காது. அது அவள் திரையில் இரண்டு நொடி மட்டும் இருந்தது.

அவளும் அதைத்தான் யோசித்தாள்.

"அழிச்சதை எப்படிப் பாத்தீங்க?"

அவன் வெங்காயத்தைப் பார்த்தான்.

"பிரிண்டருக்குன்னு ஒண்ணு போட்டீங்களே. அதுவா?"

தலையாட்டினான்.

"பிரிண்டர் சரியாகி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்பப்பதான் பாப்பேன்."

"அப்பப்ப பாக்கிறவருக்கு ரெண்டு நொடில அழிச்சது சிக்குமா?"

மீன் ஒரு பக்கம் கருகியிருந்தது. அடுப்பை அணைத்தாள்.

"ஏன் அழிச்ச?" என்று கேட்டான். கேட்கக்கூடாது என்று தெரிந்தே கேட்டான்.

"அழிச்சதுக்கெல்லாம் பதில் சொல்லணுமாங்க?" கருகிய துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். "சாப்பிட்டுட்டு வேலண்டுக்கு மாத்துங்க. நீங்களே மாத்துங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கிறேன்."

சாப்பிட்டார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் லாக் அவுட் செய்தான். கடவுச்சொல் கேட்கும் இடத்தில், மூலையிலிருந்த பல்சக்கரக் குறியைத் தட்டினான். வேலண்ட், எக்ஸ் என்று இரண்டு பெயர்கள் வந்தன. கீழே இருந்ததிலிருந்து மேலே இருந்ததற்கு மாற்றினான். அவள் கடவுச்சொல்லைத் தட்டினாள். அவன் சுவரைப் பார்த்தான்.

திரை வந்தது. மானிட்டரிலும் வந்தது. எழுத்து தெளிவாக இருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா மூணு வாரம்?"

அவள் ன தட்டினாள், ண தட்டினாள், ழ தட்டினாள். எல்லாம் வந்தன.

"கீபோர்டு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"அந்த நிரலையும் எடுத்துடுறேன்."

"வேணாம். இருக்கட்டும். பாக்கணும்னா கேளுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அவன் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிவரை கேட்கவில்லை. முதல் செமஸ்டர் மாணவர்கள் வந்து போனார்கள். ஒரு மவுஸ் மாற்றினான். பிறகு தன் இடத்துக்கு வந்து இணைப்பைத் தட்டினான்.

"அனுமதிக்காகக் காத்திருக்கிறது" என்று வந்தது.

அவள் திரையில் இப்போது என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நடுவில் ஒரு சிறிய பெட்டி. முழுத் திரையைக் காட்டலாமா, ஒரே ஒரு சாளரத்தைக் காட்டலாமா என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள், பகிர், ரத்து. அந்தப் பெட்டி வரும்போது அவள் யாருக்கு என்ன எழுதிக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

நிறுத்திவிடலாம் என்று நினைத்தான். நிறுத்தினாலும் கேட்டது கேட்டதுதான். காத்திருந்தான்.

படம் வந்தது.

அவள் ஒரே ஒரு சாளரத்தைக் கொடுத்திருந்தாள். அதில் ஒரு பாடத்தின் ப்ரூஃப். ஆறுகள், அணைகள். சாளரத்தைச் சுற்றிலும் கறுப்பு. மவுஸ் அம்பு வரியின்மேல் நகர்ந்தது. "பகுதிகளை கடந்து" என்பதில் ஒரு க் சேர்த்தாள். அடுத்த வரிக்குப் போனாள். ஒரு காற்புள்ளியை எடுத்தாள். அவன் பார்க்கிறான் என்பதற்காக வேகமாகவும் செய்யவில்லை, மெதுவாகவும் செய்யவில்லை.

பிறகு அம்பு வலப்பக்கம், பெரிய மானிட்டர் இருக்கும் பக்கம் போனது. சாளரத்தின் விளிம்பைத் தொட்டது. மறைந்தது.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பக்கம் அசையவில்லை. ஒரு நிமிடம் கழித்து அம்பு அதே இடத்தில் திரும்பி வந்தது. ஒரு ள-வை ல ஆக்கியது. மறுபடி வலப்பக்கம் போய் மறைந்தது.

"வரியா, டீக்குப் போலாம்?" என்று மோகன்ராஜ் கதவருகே நின்று கேட்டான்.

"நீ போ" என்றான் அசரியா. நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான்.