இரவல் குரல்கள்

கையில் சூட்டுக் காயத்தோடு வந்த சிறுமி வாயைத் திறந்தபோது இன்ஸ்பெக்டரின் கட்டைக் குரல் வந்தது. "சித்தப்பாதான் சூடு வச்சாரு" என்று சொல்லி, தொண்டையையும் செருமிக்கொண்டது. குழந்தைகளிடம் வாக்குமூலம் வாங்கும் விசாரணையாளருக்கு இது புதிதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் திடுக்கிட்டாள், மறு வருடமே பழகிவிட்டது. பதிலைக் கேள்விக்குள் வைத்து யார் கேட்டாலும் பிள்ளைகள் கேட்டவர் குரலிலேயே சொல்லும். பால் பல் விழுவதைப் போல அந்த ஊரில் அது சகஜம். இந்தச் சிறுமியிடம் பெரியம்மா, தலைமையாசிரியை, டாக்டர், இன்ஸ்பெக்டர் என்று வரிசையாகக் கேட்டு முடித்திருந்தார்கள். இரவல் குரலை நீதிமன்றம் ஏற்காது. சொந்தக் குரல் வராவிட்டால், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பெரியம்மாவோடு சாயங்காலமே அதே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "இன்னுமா முடியல? ஆமாவா இல்லையான்னு கேட்டு முடிங்க மேடம்."

"நீங்களே கேளுங்க சார். பாப்பா உங்க குரல்லயும் பேசுவா."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஆனால் அவசரம் விசாரணையாளரையும் தொற்றியிருந்தது. "சமையல்கட்டுலதானே நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டாள். "ஆமா, சமையல்கட்டுல" என்று அவளுடைய குரலே அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தது. இன்றைக்குச் சிறுமியின் சொந்தக் குரலைக் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்து, நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பா கேட்டுட்டேன் பாப்பா. நான் அங்க இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் தப்பா சொன்னா நீதான் திருத்தணும். உனக்கு வயசு நாப்பது."

துருப்பிடித்த கீல் திறப்பதுபோல ஒரு கீச்சுக் குரல், "எட்டு" என்றது.

"நீ போட்டிருக்கிறது பச்சை கவுன்."

"நீலம். கண்ணு தெரியாதாக்கா உங்களுக்கு?"

"சரி, என்ன நடந்ததுன்னு நீயே சொல்லு" என்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜன்னல் வெயில் சுவரேறி மங்கும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. 'ஆமா' என்றுகூடச் சொல்லவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை.

"ஹால்ல நடந்துச்சு" என்றது கீச்சுக் குரல். "துணி தேய்க்கிற பெட்டி. பெரியம்மா வச்சாங்க. அப்புறம், சித்தப்பாதானே வச்சாரு, சித்தப்பாதானேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சித்தப்பா அன்னைக்கு ஊர்லயே இல்ல."

பெஞ்சில் இருந்த பெரியம்மாவிடம் பேச இன்ஸ்பெக்டர் போனார். சிறுமியைப் பின்வாசல் வழியாகக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் அவள் கீச்சுக் குரலில் ஓயாமல் பேசிக்கொண்டு போனாள். அறையில் கழன்று கிடந்த குரல்களை மறுநாள் காலை துப்புரவுக்காரர் கூட்டி அள்ளினார். இன்ஸ்பெக்டருடையதுதான் முறத்தில் கனத்தது.