கழுத்துத் தையலுக்கு வலு

சரக்கு எடுக்கும் வெளிநாட்டுப் பையரின் மெயிலில் ஒரே ஒரு வரிதான் மெஹ்ஜபினின் உயிரை வாங்கியது. ‘ஸ்ட்ரெங்தன் தி நெக் சீம்.’ குழந்தைகள் டி-சர்ட்டின் கழுத்துத் தையலை வலுப்படுத்த வேண்டுமாம். அனுப்பியிருந்த முதல் சாம்பிள் கிழிந்து திரும்பி வந்திருந்தது.

பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தபின் அவள் கைக்கு வந்த முதல் ஆர்டர் இது. சாம்பிள் ஓகே ஆனால்தான் ஆர்டர் நிலைக்கும்.

“எப்படி வலுப்படுத்தறதுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கறேனுங்க சார்,” என்றாள்.

மேனேஜர் கந்தவேல் நாற்காலியைத் திருப்பினார். “ஸ்ட்ரெங்தன்னா என்னன்னு எட்டாவது படிக்கிற புள்ளைக்கும் தெரியும் கண்ணு. இதைப் போய் கேட்டா நம்மள என்னன்னு நெனைப்பான்?”

“அர்த்தம் தெரியுதுங்க. எதை வெச்சு வலுவாக்கறதுன்னுதான் தெரியலீங்க.”

“நோட்டட்னு போடு.”

அந்தக் கம்பெனியில் அதுதான் வழக்கம். பையர் எது சொன்னாலும் முதலில் ‘நோட்டட்’, குறித்துக்கொண்டோம் என்று பதில். யோசனையெல்லாம் அப்புறம்.

தாராபுரத்துப் பள்ளியில் இந்த வினைச்சொல்லுக்கு அவள் எழுதிய வாக்கியங்கள் இன்றும் நினைவில் இருந்தன. உடற்பயிற்சி உடலை வலுப்படுத்துகிறது. அணைச்சுவர் கரையை வலுப்படுத்துகிறது. எதனால் வலு வருகிறது என்பதும் அந்த வாக்கியங்களிலேயே இருந்தது. இங்கே கட்டளை மட்டும் வந்திருந்தது.

கந்தவேல் தடித்த நூல் போடச் சொன்னார். தடித்த நூலுக்குத் தடித்த ஊசி. துவைத்து எடுத்தபோது தையல் ஓரமாகப் பொடிப்பொடியாய் ஓட்டை விழுந்திருந்தது. “வலுவா அடிக்கச் சொன்னீக, அடிச்சேன். துணி தாங்கலைன்னா நான் என்ன செய்யட்டும் மேடம்?” என்று சாம்பிள் டெய்லர் ராஜபாண்டி எரிந்து விழுந்தார்.

அடுத்த சாம்பிளில் கழுத்தைச் சுற்றி முழுவதும் டேப் என்ற துணிநாடாவை வைத்துத் தைக்கச் சொன்னார் கந்தவேல். தையல் இரும்பு மாதிரி நின்றது. பையரிடமிருந்து பதில் வந்தது: குழந்தையின் தலை நுழையவில்லை. கழுத்துத் தையலை வலுப்படுத்தவும்.

“இன்னொருக்கா திரும்பி வந்துச்சுன்னா இந்த டி-சர்ட் ஸ்டைலை வினிதாகிட்டக் குடுத்துருவேன்,” என்றார் கந்தவேல்.

“எனக்கு வேண்டாஞ் சாமி,” என்றாள் பக்கத்து மேசை வினிதா. “என்ற ஸ்டைல்ல பாக்கெட்ட வலுப்படுத்தச் சொல்லியிருக்கான். நானே முழிச்சுட்டிருக்கேன்.”

அன்று மதியம் மெஹ்ஜபின் யாரிடமும் சொல்லாமல் பையரிடம் கேட்டே விட்டாள். நூலை மாற்றவா, டேப் வைக்கவா, கழுத்து எவ்வளவு விரிய வேண்டும்? மூன்று கேள்விகளும் பளிச்சென்று இருந்தன. மறுநாள் பதில் வந்தது. ‘முன்பு சொன்னபடி வலுப்படுத்தவும்.’

அவளுக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. பதிலைப் படித்த கந்தவேல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“கேட்டு என்னத்தக் கண்ட? மானம் போனதுதான் மிச்சம்.”

அவள் சாம்பிள் அறைக்குப் போனாள். கிழிந்து திரும்பிய முதல் சட்டையை விரித்து வைத்துப் பார்த்தாள். பிரிந்திருந்தது பின்கழுத்தில்தான், அதுவும் தோள் சேரும் இடத்தில். முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை.

“பழைய நூலே போடுங்கண்ணா. டேப் இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோள் வரைக்கும் பின்னால மட்டும். முன்கழுத்தைத் தொடாதீங்க.”

“மேனேஜர் சொல்லிட்டாகளா?”

“நான் சொல்றேனுங்க.”

ராஜபாண்டி தைத்தார். அவளே இழுத்துப் பார்த்தாள், துவைத்து மறுபடி இழுத்தாள். என்ன செய்திருக்கிறோம், எதற்காக என்று மெயிலில் தெளிவாக எழுதிச் சாம்பிளோடு அனுப்பினாள்.

வாரக் கடைசியில் சாம்பிள் ஓகே ஆகி வந்தது. ஆர்டர் அவளிடமே நின்றது.

கந்தவேல் எல்லோரையும் கூப்பிட்டார். “பாத்தீங்களா? பையரை ஒண்ணும் கேக்க வேண்டியதில்லை. செய்யறதைச் செஞ்சு அனுப்பினா தானா ஓகே ஆகும். இந்தப் புள்ள தேவையில்லாம கேட்டுத்தான் ஒரு நாள் வீணாச்சு.”

மெஹ்ஜபினுக்கு வார்த்தை வாய்வரை வந்தது. கிழிந்த இடத்தைப் பார்த்தது யார்? முதல் மெயிலுக்கே கேட்டிருந்தால் இரண்டு சாம்பிள் பாழாகியிருக்குமா? யாரிடம் சொல்வது? எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வினிதா தன் திரையில் பாக்கெட்டைப் பற்றிப் பையருக்குப் பாதி எழுதி வைத்திருந்த கேள்வியை ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கக்கா அழிக்கறீங்க?”

“உனக்காச்சும் ஓகே ஆயிருச்சு கண்ணு. எனக்கு எதுக்கு வம்பு?” என்ற வினிதா, சாம்பிள் அறைக்குக் குரல் கொடுத்தாள். “ராஜபாண்டியண்ணா, பாக்கெட்டுக்குத் தடி நூல் போட்டுருங்க!”