நாற்பத்தொன்றாம் எண் அவரை

ஊறவைத்த அவரையின் தண்ணீர் செம்பழுப்பாக மாறியிருந்தது. கொட்டிவிடட்டுமா என்று கணவர் கேட்டார். அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும், அந்த நிறத்தைக் கண்டால் மனம் பழைய ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிடும்.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. விதைத் தோலை உரித்து, அரைத்து, அதில் டானின் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மருந்தை விட்டதும் கண்ணாடிக் குழாயில் சிவப்பு ஏறும். சிவப்பு கூடினால் டானின் கூடுதல். நாக்கில் துவர்ப்பதும், புரதத்தைச் சரியாகச் செரிக்கவிடாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். நாற்பத்தொன்றாம் எண் அவரை நல்ல கரும்பழுப்பு. அதன் குழாய் மற்றெல்லாவற்றையும் விடச் சிவந்தது. ‘கழிக்கலாம்’ என்று எழுதிவிட்டாள்.

சோதனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவரைப் பாத்தி அண்ணன் என்பார்கள். பாத்தியை மிதித்தால் இயக்குநர் என்றும் பார்க்காமல் சத்தம் போடுவார். அவரே அன்று ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அந்த விதையை வைத்திருக்கலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஏன் என்றாள்.

“சொல்லத் தெரியலம்மா. ஆனா அது தாக்குப்பிடிக்கும்.”

அவள் சிரித்துவிட்டாள். அதன்பின் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த பருவத்தில் டானின் இல்லாத வெள்ளை விதைகளையே விதைத்தார்கள். மூன்றாம் நாள் பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை. தோண்டிப் பார்த்தால் விதையெல்லாம் பூஞ்சை பிடித்துக் கூழாகிக் கிடந்தது. வேலியோரம் மட்டும் ஒரு வரிசை பச்சைப்பசேலென்று முளைத்து நின்றது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள், நாற்பத்தொன்றாம் எண்ணின் கரும்பழுப்புத் தோல் அதில் ஒட்டியிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. பூஞ்சையை அண்டவிடாமல் விதையைக் காத்தது, அவள் குறையென்று எழுதிய அதே டானின்.

கழித்ததில் ஒரு பிடியை எடுத்து நட்டதாகப் பாத்தி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்.

“நான்தான் தப்பு பண்ணிட்டேன் அண்ணா,” என்றாள்.

“நீங்க அளந்தது சரிதாம்மா. அதைக் கெட்டதுன்னு முடிவு கட்டினதுதான் தப்பு.”

பழுப்பையும் வெள்ளையையும் இனக்கலப்பு செய்து, எட்டு வருடம் இருவரும் மல்லுக்கட்டி, இளம்பழுப்பில் ஒரு ரகம் கொண்டுவந்தார்கள். மண்ணிலும் அழுகவில்லை, வாயிலும் அவ்வளவாகத் துவர்க்கவில்லை. அறிக்கையில் தோட்டக்காரர் பெயரா என்று இயக்குநர் முகம் சுளித்தபோது, அப்படியானால் தன் பெயரும் வேண்டாம் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். இரண்டு பெயரும் அச்சேறின.

செம்பழுப்புத் தண்ணீரைப் பார்த்த அன்று மதியம் பாத்தி அண்ணனுக்குப் போன் செய்தாள். காது மந்தமாகியிருந்தது, இரண்டு மூன்று முறை கத்திச் சொன்ன பிறகே குரல் பிடிபட்டது. முழங்கால் வலி, மகள் வீடு மாறியது எல்லாம் பேசி முடித்து, “எப்பம்மா வர்றீங்க?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று, கணவரைக் கேட்காமலேயே சொல்லிவிட்டாள்.