சின்னசேலத்தில் ஒரு வாய் சுடுதண்ணி

பொன்னுரங்கம் மேஸ்திரிக்கு இருமல் வரவேண்டும் என்று இருசம்மாள் ஒரு வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தாள். சாகவேண்டும் என்றுகூட இல்லை. இருமினால் போதும், அதுவும் சின்னசேலம் தாண்டுவதற்குள்.

கார்த்திகை பிறந்தால் கல்வராயன் மலை அடிவாரத்து ஜனங்களை வேனில் அடைத்து, காப்பிப்பழம் பறிக்கக் குடகுக்கு ஓட்டிப்போவது அவன் தொழில். கொரோனாவுக்குப் பிறகு எஸ்டேட் கேட்டில் நெற்றியில் கருவி காட்டிப் பார்த்தார்கள். ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் மொத்த வண்டியும் வந்த வழியே திரும்பவேண்டியதுதான். அதனால் மேஸ்திரி ஒரு சட்டம் போட்டான். வழியில் இருமினவர் அங்கேயே இறங்கிவிட வேண்டும்.

போன வருஷம் இறங்கினவன் அவள் புருஷன் பாவாடை. சின்னசேலம் ரயிலடிப் பக்கம், கொட்டுகிற மழையில். "ஒரு வாய் சுடுதண்ணி குடு மேஸ்திரி" என்று நடுங்கிக்கொண்டே கேட்டான். மேஸ்திரி பிளாஸ்கை மடியில் அணைத்துக்கொண்டு, "உன் வாய் பட்டா அப்புறம் அத யார் குடிக்கிறது?" என்றான். இருசம்மாளும் கூடவே இறங்கி, புருஷன் தலைக்கு உரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றாள். நெஞ்சில் சளி கட்டி, ஆறாம் நாள் பாவாடை போய்ச்சேர்ந்தான். துக்கம் கேட்கக்கூட அந்தப் பாவி வரவில்லை.

இந்த வருஷம் அவள் உடம்பைப் பொத்திப் பொத்திக் காத்தாள். மிளகும் துளசியும் போட்டுக் காய்ச்சிக் குடித்தாள். சந்தைக்குப் போனால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள், திரும்பினதும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். புதுசாக ஒரு பிளாஸ்கும் வாங்கினாள். வேனில் அவள் ஏறியாக வேண்டும். அவன் இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே!

ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற மேஸ்திரிக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆள் சேர்க்கத் தெருவுக்குள் வந்தால் யார் வீட்டுச் சொம்பையும் எடுத்து வாய் வைத்துக் குடிப்பான். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வாசலில் அப்படித்தான் எடுத்தான். அந்த வீடே காய்ச்சலில் சுருண்டு கிடந்தது. குஞ்சம்மாள் அப்போதுதான் குடித்துவிட்டு வைத்த சொம்பு. எதிரே நின்ற இருசம்மாளுக்கு 'வேணாங்க' என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

கள்ளக்குறிச்சியில் வண்டி கிளம்பும்போதே மேஸ்திரியின் கண் சிவந்திருந்தது. தொண்டை கரகரக்க, தன் பிளாஸ்க் தண்ணீரை வழியிலேயே குடித்துத் தீர்த்தான். சின்னசேலம் நெருங்கும்போது, அடக்கி அடக்கி வைத்திருந்த இருமல் வெடித்தது.

"வண்டிய நிறுத்துப்பா" என்றாள் இருசம்மாள். "எறங்குங்க மேஸ்திரி."

"இன்னா பேசற நீ? எனுக்கே சட்டமா?"

"கேட்ல உங்க நெத்தியப் பாத்தா நாங்க இருவது பேரும் திரும்பிக்கினு வரணும். எங்க வூட்ல அடுப்பு எரிய வேணாமா?"

மற்றவர்கள் முந்தானையாலும் துண்டாலும் மூக்கை மூடிக்கொண்டார்கள். எஸ்டேட்டுக்கு வழி தெரிந்த டிரைவர் தங்கதுரை, மேஸ்திரியின் பையை எடுத்து ரயிலடிப் பக்கம் இறக்கி வைத்தான். தூறல் போட்டது. மேஸ்திரி அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"குளுருது இருசா. ஒரு வாய் சுடுதண்ணியாவது குடும்மா."

இருசம்மாள் பிளாஸ்கை மடியில் அணைத்துக்கொண்டாள்.

"உங்க வாய் பட்டா அப்புறம் அத யாருங்க குடிக்கிறது?"

அவன் கை கம்பியிலிருந்து நழுவியது. வண்டி நகர்ந்தது. பாவாடை திரும்பி வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தண்ணீர் அவள் தொண்டையில் சிக்காமல் இறங்கியது.